ஒத்தைக்கை அண்ணனும் புகைந்த ஆம்ப்ளிஃபயரும்

சிங்கப்பூரில் மின்சாரம் யாருக்காவது பயந்து நடந்தது என்றால் அது ஒத்தைக்கை அண்ணன் ஒருவருக்குத்தான். மற்றவர்கள் வீட்டில் அது தன் இஷ்டத்துக்கு விளக்கை அணைக்கும், விசிறியை நிறுத்தும், மனம் வைத்தால் ஆளையே தூக்கி எறியும். அவர் கடைக்குள் வந்துவிட்டால் மட்டும் பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளையைப் போல அடக்கமாக உட்கார்ந்துகொள்ளும்.

அப்பர் டிக்சன் ரோட்டில், ஒரு புடவைக்கடையின் மாடிப்படிக்கு அடியில் இருந்தது அவர் கடை. அகலம் நான்கு அடி. உள்ளே அவர் ஒருவர்தான் உட்கார முடியும். நாம் அஞ்சடியில், அதாவது கடைகளுக்கு முன்னால் ஓடும் நடைபாதையில், நின்றுகொண்டுதான் பேச வேண்டும். ரேடியோ, கோயில் ஒலிபெருக்கி, கல்யாண வீட்டு மைக் என்று தேக்கா வட்டாரத்தில் தொண்டை கட்டிய எல்லாமே அவரிடம்தான் வரும். முதலில் முகர்ந்து பார்ப்பார். பார்த்துவிட்டு, "இது டிரான்ஸ்ஃபார்மர்", "இது எலி" என்று தீர்ப்புச் சொல்வார். பெரும்பாலும் சரியாக இருக்கும். ஒருமுறை ஒருவர் கொண்டுவந்த ரேடியோவை முகர்ந்துவிட்டு, "ரேடியோ நல்லாத்தான் இருக்கு. நீங்க கருவாட்ட எங்கயோ மறந்து வச்சிட்டீங்க" என்று திருப்பிக் கொடுத்தார். கருவாடு அந்த ஆளின் பையிலேயே இருந்தது.

பெயருக்குக் காரணம் அவருடைய இடது கை. அதைப் பார்த்தவர்கள் யாருமில்லை. எப்போதும் கால்சட்டைப் பைக்குள் இருக்கும். பீடி பற்றவைப்பது, கோப்பி குடிப்பது, சாவியால் கடையைப் பூட்டுவது எல்லாம் வலது கை. மழை வந்தால் குடையை விரிக்க வலது கையோடு முழங்காலும் சேரும். கோயிலில்கூட ஒரு கைக் கும்பிடுதான். பாதிக் கும்பிடுக்குப் பாதி வரம்தான் கிடைக்கும் என்று பூசாரி எச்சரித்ததற்கு, "பாதி போதும் சாமி, மீதிய இல்லாதவங்களுக்குக் குடுங்க" என்றாராம்.

அந்தக் கையைப் பற்றி ஆளுக்கொரு கதை வைத்திருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் போய்விட்டது என்றார் ஒருவர். இல்லை, பிறவியிலேயே கிடையாது, பைக்குள் இருப்பது சுருட்டிய துண்டு என்றார் இன்னொருவர். புடவைக்கடை முதலாளி மட்டும், "ஆறு விரல் இருக்கு. அதான் காட்ட மாட்டேங்கிறாரு" என்று சத்தியம் செய்தார்.

எனக்கு அவர் பழக்கமானது அறுபதுகளின் தொடக்கத்தில். அப்போது நான் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பஃபலோ ரோட்டில் மசாலா அரைக்கும் கடைக்கு மேலே ஒரு அறையில் தங்கராசுவோடு தங்கியிருந்தேன். தங்கராசுவுக்கு செம்பவாங் கப்பல் பட்டறையில் வேலை. ஊரெல்லாம் கித்தார் காய்ச்சல் அடித்த காலம் அது, எங்களையும் விடவில்லை. நான் கித்தார். தங்கராசு போங்கோ, அதாவது கையால் தட்டும் இரட்டைக் கொட்டு. துணிக்கடையில் வேலை பார்த்த ஜமால், தேயிலைப் பெட்டியில் ஒரு கழியையும் கயிற்றையும் கட்டி, அதையே பேஸ் என்று சொல்லி இழுத்துக்கொண்டிருப்பான். குழுவுக்கு 'பஃபலோ பாய்ஸ்' என்று பெயர் வைத்தோம். கேட்டவர்கள் பெயர் பொருத்தமாக இருக்கிறது என்றார்கள். பாராட்டு என்றுதான் அன்று நினைத்தோம்.

செம்பவாங்கில் ஒரு வெள்ளைக்காரர் ஊருக்குத் திரும்பும்போது, கப்பலில் ஏற்ற முடியாமல் ஒரு ஆம்ப்ளிஃபயரைத் தங்கராசுவிடம் விட்டுப் போனார். அமெரிக்காவில் செய்தது. அப்போதே கிழடு. உறை உரிந்திருந்தது. முன்பக்கத் துணியில் யாரோ சிகரெட்டால் ஓட்டை போட்டிருந்தார்கள். ஆனால் பின்பக்கம் வரிசையாகக் கண்ணாடி வால்வுகள். பார்த்தால் சின்னக் கோயில் போல இருந்தது. ஒரு சனிக்கிழமை நண்பகல், மூவரும் சுற்றி நின்று, கித்தாரை மாட்டி, சுவிட்சைத் தட்டினோம்.

முதலில் ஒரு உறுமல். பிறகு வெள்ளைப் புகை. கீழேயிருந்து மசாலாக் கடைக்காரர் கத்தினார்: "யாருடா மேல மிளகாய வறுக்கிறது?"

துணியில் சுற்றி, மூவரும் மாற்றி மாற்றித் தூக்கிக்கொண்டு ஒத்தைக்கை அண்ணனிடம் ஓடினோம். குனிந்து முகர்ந்தார். கண்ணை மூடிக்கொண்டார்.

"எத்தன வோல்ட்டுல வச்சீங்க?"

"செவுத்துல இருந்ததுலதாண்ணே."

"இது நூத்திப் பத்து வோல்ட்டு குடிக்கிற பிள்ள. நீங்க எரநூத்தி முப்பது குடுத்திருக்கீங்க. பல்லு மொளைக்காத பிள்ளைக்கு மட்டன் பிரியாணி ஊட்டுவீங்களா?"

மூவரும் தலை குனிந்தோம்.

"எப்பண்ணே கிடைக்கும்?" என்று ஜமால் மெல்லக் கேட்டான்.

"அதத்தான் கேக்கணும் லா" என்று ஆம்ப்ளிஃபயரைக் காட்டினார்.

கருகிப்போன டிரான்ஸ்ஃபார்மரைப் பிரித்து, நம்மூர் மின்சாரத்துக்கு ஏற்றபடி புதிதாகக் கம்பி சுற்ற ஆரம்பித்தார். அதற்கு ஒரு கைப்பிடிச் சக்கரம் இருந்தது. மற்றவர்கள் ஒரு கையால் சக்கரத்தைச் சுற்றி, இன்னொரு கையால் கம்பியை வரிசையாக நடத்துவார்கள். இவர் வலது கையால் சுற்றிக்கொண்டே, கம்பியை வலது காலின் கட்டைவிரலுக்கும் அடுத்த விரலுக்கும் நடுவே கொடுத்து நடத்தினார். தலைமுடி மெல்லிசுக் கம்பி, ஆயிரக்கணக்கான சுற்று. நடுவில் எண்ணிக்கை தப்பினால் முதலிலிருந்து. எதிரே நின்று வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடியது. ஒருவர் நல்லெண்ணத்தில், "எத்தனையாவது சுத்துண்ணே?" என்று கேட்டுவிட்டார். அண்ணன் அவரை ஒரு நிமிடம் பார்த்தார். பிறகு எல்லாவற்றையும் அவிழ்த்துவிட்டு ஒன்றிலிருந்து தொடங்கினார். அந்த ஆள் அதன்பிறகு அப்பர் டிக்சன் ரோடு வழியாக வந்ததாகத் தெரியவில்லை.

வேலை முடிந்ததும் நான் தினம் அங்கே போய் நிற்கத் தொடங்கினேன். ஒரு நாள் துணிந்து கையைப் பற்றிக் கேட்டுவிட்டேன். கோபிப்பார் என்று நினைத்தேன். கோபிக்கவில்லை.

"சண்டைக்கு அப்புறம் பட்டாளத்து ரேடியோ பட்டறையில வேல பாத்தேன்" என்றார். "பக்கத்து மேசையில ஒருத்தன். நல்ல பாட்டுக்காரன். ஒரு கை பெட்டி மேல, இன்னொரு கை வால்வுக்கிட்ட. அவ்வளவுதான். ஒரு கையில பட்டா கை சுடும் தம்பி. ரெண்டு கையிலயும் பட்டா நெஞ்சு வழியாப் போவும். அன்னைக்கு இந்தக் கைய உள்ள வச்சேன்."

"அது பெட்டியத் திறந்து வேல செய்யும்போதுதானே? கோப்பி குடிக்கும்போதுமா?"

"பழக்கம் விட்டுப்போச்சுன்னா?" என்று என்னையே கேட்டார்.

அப்புறம் நான் அதைப் பற்றிப் பேசியதில்லை. மற்றவர்களிடமும் சொல்லவில்லை. ஆறு விரல் கதையை அப்படியே ஓட விட்டேன்.

எங்கள் ஆம்ப்ளிஃபயருக்குப் பெரிய வால்வுகள் இரண்டு வேண்டும். ஒன்று தள்ள, மற்றது இழுக்க, இரண்டும் சமபலத்தோடு இருக்க வேண்டும் என்பது சட்டம். அண்ணன் பழைய வால்வுகளை ஒரு பிஸ்கட் டின்னில் வைத்திருந்தார். ஒவ்வொரு ஜோடியாக மாட்டி, மீட்டரைப் பார்த்து, தலையை ஆட்டி, கழற்றிக்கொண்டிருந்தார்.

"இதுக்கும் அதுக்கும் பொருத்தம் இல்ல. இவன் வேகம், அவ நிதானம். சேத்து வச்சா ஒரு வருசத்துல ஒண்ணு போயிரும்" என்றார் உரக்க.

அந்த நேரம் பார்த்து மரகதம் அக்கா காய்கறிக் கூடையோடு கடையைத் தாண்டினார். ரேஸ் கோர்ஸ் ரோட்டில் இருந்தவர். கணவர் பஸ் கம்பெனியில் டிக்கெட் பரிசோதகர். அப்படியே நின்றார். உள்ளே அண்ணன் அடுத்த ஜோடியை எடுத்தார்.

"ஆங்! இதான் ஜோடி. பத்துப் பொருத்தமும் இருக்கு. சாகுற வரைக்கும் ஒத்துமையா இருக்கும்."

மறுநாள் மாலை மரகதம் அக்கா குளித்து, பூ வைத்து, மஞ்சள் தடவிய நோட்டோடு வந்து நின்றார்.

"ஐயா, எம் பொண்ணு ஜாதகம். நீங்க யாருக்கும் சொல்லாம ரகசியமாப் பாக்குறீங்கன்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு."

"அக்கா, நான் ரேடியோ ரிப்பேரு."

"பெரியவங்க அப்படித்தான் சொல்லுவாங்க."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் தெருவைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் அந்த நோட்டை வாங்கி, பழக்கத்தில், முகர்ந்து பார்த்தார். அக்காவுக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது.

"பொண்ணு என்ன பண்ணுது?"

"டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல வேல. வீட்டுக்கு வந்தா பாட்டுத்தான் ஐயா. காலையில பாட்டு, குளிக்கும்போது பாட்டு. அவங்க அப்பாவுக்குப் பிடிக்கல. வாய மூடுன்னு சொல்றாரு. அதுலேருந்து சரியாச் சாப்பிடுறதில்ல."

அண்ணன் நோட்டைத் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "சத்தம் வர்ற எடத்த அடைச்சா உள்ள சூடு ஏறிப்போவும் அக்கா. பாட விடுங்க" என்றார்.

அவர் சொன்னது ஒலிபெருக்கிக்கான அறிவுரை. அக்கா அதைத் தெய்வ வாக்காக வீட்டுக்கு எடுத்துப் போனார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பஃபலோ பாய்ஸுக்குப் பாடகி கிடைத்தாள், பெயர் சரோஜா. ஒத்திகைக்கு அம்மாவும் அப்பாவும் கூடவே வந்தார்கள். பரிசோதகர் எங்கள் மூவரையும் டிக்கெட் வாங்காமல் ஏறியவர்களைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"பொங்கல் விழாவுல ஒரே ஒரு தடவ. அங்க ஏதாவது மானக்கேடு ஆச்சு, இனிமே பாட்டும் கிடையாது, பேச்சும் கிடையாது" என்றார்.

சரோஜா புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். பாடச் சொன்னோம். பாடினாள். தங்கராசு போங்கோவைத் தட்டவே மறந்துவிட்டான்.

இருப்பது ஒரே ஆம்ப்ளிஃபயர். இப்போது கித்தாரும் வேண்டும், குரலும் வேண்டும். அண்ணனிடம் போய்ச் சொன்னேன். முன்தகட்டில் இன்னொரு துளை போட்டார். மைக்குக்கென்று தனியாக ஒரு சின்ன வால்வை உள்ளே குடிவைத்தார். வால்வுகளுக்குச் சூடு கொடுக்கும் கம்பிகள் தாறுமாறாக ஓடியதால்தான் உறுமல் என்று சொல்லி, அவற்றை ஜடை பின்னுவது போல முறுக்கி மூலையோரமாகப் படுக்க வைத்தார். இதெல்லாம் ஒரு கையும் பல்லும் செய்த வேலை.

கடைசியாகப் பரீட்சை. அவர் ஆம்ப்ளிஃபயரில் பாட்டுப் போட்டுப் பார்க்க மாட்டார். எதையும் மாட்டாமல், சத்தத்தை முழுக்கத் திருகிவிட்டு, அது சும்மா இருப்பதைக் கேட்பார். அதற்கு ஊர் அமைதியாக இருக்க வேண்டும். ஒரு சனிக்கிழமை மாலை அப்பர் டிக்சன் ரோட்டின் நடுவில் நின்று வலது கையைத் தூக்கினார்.

"அஞ்சு நிமிசம் யாரும் சத்தம் போடாதீங்க!"

பூக்காரம்மா வாயை மூடினார். கச்சான் கடலை விற்பவர் கூடையை இறக்கி வைத்தார். ட்ரைஷாக்காரர் தன் மூன்று சக்கர வண்டியின் மணியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டார். யாருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியாது. துக்கம் என்று நினைத்து ஒருவர் தொப்பியைக்கூடக் கழற்றிவிட்டார். அண்ணன் ஒலிபெருக்கியில் காதை வைத்தார். ஐந்து நிமிடம். நிமிர்ந்தபோது முகத்தில் ஒரு சிரிப்பு.

"ஒண்ணுமே கேக்கல" என்றார், வரம் கிடைத்தவர் போல.

பொங்கல் விழா ஞாயிறு மாலை, ஒரு சங்க மண்டபத்தில். முன்வரிசையில் பரிசோதகர், மடித்த குடையோடு. பக்கத்தில் மரகதம் அக்கா. ஒத்தைக்கை அண்ணன் எந்த விழாவுக்கும் வராதவர். அன்று மண்டபத்தின் கடைசியில் தூணோரம் நின்றார். பாட்டு ஜமால் எழுதியது. காத்திருக்கும் பெண் தன் மனத்தைப் பற்றிப் பாடுவது.

முதல் அடி முடிந்தபோது மண்டபம் அசையாமல் இருந்தது. எனக்கே நம்ப முடியவில்லை. சரோஜா கண்ணை மூடி இரண்டாவது அடியை எடுத்தாள். அவன் வராத என் மனம் எப்படி இருக்கும் என்று கேட்டு, மூச்சுக்காக நிறுத்தினாள்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து ஒரு ஆண்குரல் தெளிவாகப் பதில் சொன்னது:

"லேசான கொந்தளிப்புடன் காணப்படும்."

வானொலியின் வானிலை அறிக்கை! மண்டபம் வெடித்துச் சிரித்தது. சரோஜா நடுங்கிப்போய், அடுத்த அடியைப் பிடித்தாள். கண்ணீர் வருகிறதே என்று பாடினாள்.

"ஆங்காங்கே இடியுடன் கூடிய பலத்த மழை பெய்யும்" என்றது ஆம்ப்ளிஃபயர்.

பரிசோதகர் எழுந்துவிட்டார். குடையை ஊன்றிக்கொண்டு மேடைப்படியை நோக்கி நடந்தார். சரோஜாவின் முகத்தை நான் பார்த்தேன். இனி அந்த முகத்திலிருந்து பாட்டு வராது என்று தோன்றியது. என் விரல்கள் தந்தி மேல் எங்கே இருந்தன என்றே தெரியவில்லை.

அதற்குள் ஒத்தைக்கை அண்ணன் கூட்டத்தைப் பிளந்து மேடையில் ஏறிவிட்டார். பின்னால் மண்டியிட்டு மைக் கம்பியைப் பார்த்தார். யாரோ காலில் தட்டி இழுத்ததில், கம்பியைச் சுற்றியிருக்கும் உலோகப் பின்னல் பிய்ந்து தொங்கியது. கவசம் போன குரல்கம்பி, வானொலியைப் பிடித்து உள்ளே விட்டுக்கொண்டிருந்தது. ஈயம் வைத்துப் பற்றவைக்கச் சூட்டுக்கோலும் இல்லை, நேரமும் இல்லை. பின்னலை ஒரு கையால் இரும்புச் சட்டத்தோடு அழுத்த வேண்டும். கம்பி அசையாமல் இன்னொரு கை பிடிக்க வேண்டும்.

அவர் ஒரு கணம் அப்படியே இருந்தார். பிறகு இடது கையை வெளியே எடுத்தார்.

"டேய், கை இருக்குடா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"அஞ்சு விரல்தான்!" என்றார் புடவைக்கடை முதலாளி, ஏமாற்றத்தோடு.

மண்டபம் கைதட்டியது. கொஞ்சமும் வெயில் படாத வெளுத்த கை. அது கம்பியைப் பிடித்தது. வானிலைக்காரர் பாதி வாக்கியத்தில் அடங்கினார். பிடிப்பதில் ஆபத்து இல்லை என்பது அண்ணனைவிட நன்றாக யாருக்குத் தெரியும்? ஆனால் நெற்றியிலிருந்து வியர்வை சொட்டியது. கண்ணை இறுக மூடியிருந்தார். பட்டாளத்துப் பட்டறையின் அந்தப் பக்கத்து மேசைக்காரர் அங்கே அவர் எதிரில் நின்றிருக்க வேண்டும்.

பரிசோதகர் மேடைக்கு வந்து, மேலிருந்து பார்த்தார்.

"என்ன நடக்குது இங்க?"

"சார், இத விட்டா மறுபடி மழ வந்துரும்" என்றார் அண்ணன், கண்ணைத் திறக்காமல். "பொண்ணப் பாடச் சொல்லுங்க."

பரிசோதகர் மகளைப் பார்த்தார். அண்ணனின் இடது கையைப் பார்த்தார். அது இப்போது மணிக்கட்டுவரை உதறிக்கொண்டிருந்தது. குடையைத் தரையில் வைத்தார். இஸ்திரி போட்ட வேட்டியோடு மேடைத் தூசியில் சப்பணம் போட்டு உட்கார்ந்தார்.

"எதப் புடிக்கணும்?"

"இந்தக் கம்பிய சார். ரப்பர் இருக்கு, பயமில்ல. ஒரு கை போதும்."

பரிசோதகர் கம்பியைப் பிடித்தார். அண்ணனின் இடது கை பைக்குள் போனது. ஆளுக்கு ஒரு கையாக இருவரும் பிடித்துக்கொண்டிருக்க, பரிசோதகர் மகளைப் பார்த்து முறைத்தார்.

"என்ன பாத்துக்கிட்டு நிக்கிற? கை வலிக்குது, பாடு!"

சரோஜா முதலிலிருந்து பாடினாள். சிரித்த கூட்டம் அப்படியே வாயடைத்து உட்கார்ந்திருந்தது. மூன்று பாட்டு. மூன்றாவது பாட்டில் பரிசோதகரின் தலை தாளத்துக்கு ஆடியதை நான் பார்த்தேன். நான் பார்ப்பதைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

விழா முடிந்து போகும்போது அவர் எங்களிடம் பேசவில்லை. அண்ணனிடம் மட்டும் போய், "அடுத்த தடவ அந்தக் கம்பிய ஒழுங்காப் பத்தவச்சு வைங்க. என்னால எல்லா வாரமும் உக்கார முடியாது" என்றார். அடுத்த தடவை என்ற சொல்லைக் கேட்டதும் மரகதம் அக்கா, அண்ணன் இருந்த திசையைப் பார்த்துக் கும்பிட்டார்.

அதன்பிறகு ஐந்தாறு ஆண்டுகள் கல்யாணம், விழா, சங்கம் என்று சரோஜா பாடினாள். நாங்கள் பின்னால் நின்று வாசித்தோம். நீங்கள் நினைப்பது நடக்கவில்லை. அவள் எக்ஸ்சேஞ்சில் கூட வேலை பார்த்தவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். அவளுடைய கல்யாணத்தில் நாங்கள்தான் வாசித்தோம். மாப்பிள்ளைக்குத் தாளம் வராது. அதை மட்டும் தங்கராசு கடைசிவரை மன்னிக்கவில்லை.

அறுபதுகளின் கடைசியில் ஒத்தைக்கை அண்ணனுக்குத் தோ பாயோவில் அடுக்குமாடி வீடு கிடைத்தது. கீழே ஒரு கடையும் கிடைத்தது. நாலு அடி இல்லை, பன்னிரண்டு அடி. சாமான்களை லாரியில் ஏற்றிக்கொண்டு ஒரு திங்கட்கிழமை காலை நானும் கூடப் போனேன். ஏழாவது மாடி. ஜன்னல்களைத் திறந்ததும் காற்று அறை முழுக்க வந்தது. அவர் ஒவ்வொரு அறையாகப் போய், சுவரைத் தட்டிப் பார்த்து, புது பெயிண்டை முகர்ந்து, குழந்தையைப் போலத் திரும்பி வந்தார்.

"காத்தப் பாத்தீங்களா தம்பி? எல்லாப் பக்கமும் வருது லா."

எட்டரைக்கு நான் அலுவலகத்தில் இருக்க வேண்டும். மணி எட்டு. அவர் புது அடுப்பில் தேத்தண்ணி போட்டு, இரண்டு குவளைகளில் ஊற்றி, ஒன்றை என் பக்கம் தள்ளி வைத்தார். நாற்காலி ஒன்றுதான் வந்திருந்தது. அதை எனக்குக் கொடுத்துவிட்டு அவர் மரப்பெட்டி மேல் உட்கார்ந்தார்.

"அவசரமாப் போவணுமா?" என்று கேட்டார்.

"இல்லண்ணே" என்றேன்.

அன்று நான் வேலைக்குப் போகவே இல்லை.